கோடு அறுந்த கெளுத்தி

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். என் வீட்டுத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை யாராவது மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் மருந்து கலக்கிறார்கள். ஆற்றில் கொஞ்சம் உள்ளே தள்ளி மொண்டு, வெயிலில் வைத்து, தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு மெதுவாக ஊற்ற வேண்டும். உள்ளே இரண்டு மீன்கள் இருக்கின்றன. பகலெல்லாம் மரப் பொந்துக்குள் தலையைச் செருகிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் வலை போடாதீர்கள், முள் சிக்கிக்கொள்ளும். அடுப்பங்கரைச் சுவரில் ஒரு சுரைக்குடுக்கை தொங்குகிறது, அதைக்கொண்டுதான் மொள்ள வேண்டும். வாசலில் நிற்கிற காவலர் பொறுமையானவராகத் தெரிகிறார். அவரை அனுப்பினால் போதும்.

நன்றி, அதிகாரியம்மா. இப்போது அல்டெனோரைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் ஓசனீர். இந்த ரியோ நெக்ரோ ஆற்றில் சின்ன மீன் பிடிக்கிறவன். சாப்பிடுகிற மீன் இல்லை, தூரதேசத்துக்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற மீன். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் பிடித்ததை வீட்டிலேயே தொட்டி வைத்து வளர்க்கிறவன் நான் ஒருவன்தான். அதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அல்டெனோர் முதல்முறை அந்தத் தொட்டியைப் பார்த்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

“மீனுக்கெல்லாம் வாடகைக்கு வீடு விட்டிருக்கீங்களா, கொம்பாத்ரே?” என்றான். “அப்படியே ரெண்டு கொசுவையும் புடிச்சு உள்ள அடைச்சீங்கன்னா ஊர்ல மத்தவன் நிம்மதியா தூங்குவான்.”

நானும் சிரித்தேன். அவன் கேலி செய்தால் வலிக்காது. அப்படி ஒரு வாய் அவனுக்கு.

கொம்பாத்ரே என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் உறவு எப்படி வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்று வந்த உறவு இல்லை. அருளப்பர் திருநாள் இரவில் ஊரில் மூட்டுகிற நெருப்பில் வந்தது. அந்த நெருப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நின்று, தழலுக்கு மேலே கையைக் கோத்துக்கொண்டு, மூன்று சுற்று சுற்றி, புனிதர்கள் பெயரால் சத்தியம் செய்தோம். கூடப் பிறந்தவன்கூடச் சண்டை போட்டுப் பிரியலாம், நெருப்பில் பிடித்த கையை விட முடியாது. சின்ன வயதிலிருந்து வாடா போடா என்று மணல் திட்டில் புரண்டவர்கள், மறுநாள் காலையிலிருந்து ‘வாங்க கொம்பாத்ரே, போங்க கொம்பாத்ரே’ என்று ஆனோம். அவன் மனைவி மரினால்வா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதுதான் வழக்கம், நாங்கள் அதை மீறியதில்லை. இப்போது பேசும்போது எனக்கு ‘அவன்’ என்றுதான் வருகிறது. செத்துப்போனதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது போலிருக்கிறது.

அவனுக்குப் படகு வேலை. பலகை இடுக்குகளில் நார் அடைத்துக் கீல் பூசுவான். அவன் அடைத்த படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. மீனைப் பற்றிச் சாப்பாட்டுத் தட்டுக்கு வெளியே அவனுக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. நான் சொல்வதை நம்புவான். அது முக்கியம்.

மீனைச் சொல்கிறேன். அதை நாம் ரெக்கே-ரெக்கே என்கிறோமே, அந்த முட்கெளுத்தி. கெளுத்தி இனம்தான், ஆனால் கவசம் போட்டது. இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால் வரை எலும்புத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் பின்னோக்கி வளைந்த ஒரு கொக்கி. முதுகில் ஒரு முள், தோளுக்கு ஒன்றாக இரண்டு முள். அவற்றின் ஓரமெல்லாம் ரம்பப் பல். பயந்தால் மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நாரை விழுங்கினால் நாரை சாகும், பாம்பு விழுங்கினால் பாம்பு சாகும். தண்ணீரைவிட்டு எடுத்தால் தோள் முள்ளைக் குழியில் தேய்த்து ரெக்கே, ரெக்கே என்று தேங்காய் துருவுகிற மாதிரிச் சத்தம் போடும். பெயர் அப்படி வந்ததுதான்.

பூட்டிய முள்ளைத் திறக்க ஒரே வழிதான் இருக்கிறது. இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க ரம்பம் இறங்கும். முள்ளின் அடியில் விரலை வைத்து அழுத்தி லேசாகத் திருப்ப வேண்டும். கதவுத் தாழ் மாதிரி விட்டுக்கொடுக்கும். ஒருமுறை அல்டெனோரின் வலையில் ஒரு ரெக்கே-ரெக்கே சிக்கி, அவன் கத்தியை எடுத்து வலையை அறுக்கப் போனான். நான் சுட்டுவிரலால் அழுத்தினேன், மீன் கையோடு வந்துவிட்டது. அவன் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உங்க விரல்ல சாவி இருக்கு, கொம்பாத்ரே” என்றான்.

இந்த மீனில் நாலைந்து வகை உண்டு. வெளியூர்க்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டு ஒரே பெயர் சொல்வார்கள். வெள்ளைப் புள்ளி போட்டது ஒன்று, மரப்பட்டை நிறத்தில் ஒன்று, மஞ்சள் கோடு போட்டது ஒன்று. கோடு போட்டதில் அந்தக் கோடு தோளிலிருந்து வால் வரை அறுபடாமல் ஓடும். ஊருபு ஓடையில் நான் பிடித்ததில் கோடு நடுவில் அறுந்திருந்தது. ஒரு நகக்கண் அளவு கறுப்பு, அப்புறம் மறுபடி கோடு. காயம் என்று நினைத்தேன். அடுத்ததைப் பிடித்தேன், அதிலும் அறுந்திருந்தது. மூக்கும் கொஞ்சம் கூர், மீசையில் கறுப்பு வளையம். இப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கல்யாணம் ஆகாதவன் நான், பிள்ளை பிறந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அல்டெனோர் கூட இருந்தான். படகுக்கு நார்ப்பட்டை உரிக்கத்தான் அந்த ஓடைக்குள் போயிருந்தோம். பிணந்தின்னிக் கழுகின் பெயர் வைத்த ஓடை, அதனாலேயே யாரும் நுழைவதில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் நெருப்பின் பெயரால் சத்தியம் செய்தான். நானும் செய்தேன். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த இடம் அது.

அங்கிருந்து கொண்டுவந்த ஒன்றுதான் என் தொட்டியில் இருக்கும் பெரியது. டோனா என்று கூப்பிடுவேன். அதற்காகவே மணல் சலித்துப் போட்டு, பொந்து விழுந்த மரத்துண்டு வைத்து, ஓடைக்கரை இலைகளை ஊறப்போட்டுத் தண்ணீரைக் கறுப்பாக்கினேன். பொழுது சாய்ந்ததும் நத்தையும் புழுவும் போடுவேன். முதல் வருடம் நான் கை விட்டாலே முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்லப் பழகியது. இப்போது உள்ளங்கையை அடியில் கொடுத்தால் முள்ளை மடக்கிக்கொண்டு வந்து படுக்கும். ஒரு மிருகம் தன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உங்களை நம்புவது சாதாரண விஷயம் இல்லை.

இது புது வகைதானா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மனாவுஸ் நகரத்தில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார், முட்கெளுத்திப் பைத்தியம். கப்பலில் அவருக்கு ஒன்றை அனுப்பினேன். இந்த மீனை அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை, பிளாஸ்டிக் பையைக் குத்திக் கிழித்துவிடும். மற்றவர்கள் பைக்குள் பை போட்டு நடுவில் காகிதம் வைப்பார்கள். நான் உள்ளே இலை பரப்புவேன். ஊருபு ஓடை வாயில் ஒரு மரம் உண்டு, இலை மாட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும், தோல் மாதிரிக் கெட்டி. மீன் அதற்கடியில் பதுங்கிக்கொள்ளும், பையும் கிழியாது, பழகிய தண்ணீர் வாசனையும் இருக்கும். என் கைவேலையில் எனக்குப் பெருமை உண்டு. மருத்துவர் தொலைபேசியில் பேசினார். தன் கூட்டாளிகள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியதாகவும், யாருமே இதைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். எங்கே பிடித்தாய் என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் ஐயா என்றேன். நான் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வற்றுகிற காலத்தில் நான் ஓடைக்குப் போனபோது நாற்றம் வாயிலேயே அடித்தது. யாரோ மீனை மயக்குகிற திம்போ வேரை நசுக்கிக் கலக்கியிருந்தார்கள். மயங்கி மேலே வந்ததில் சின்னதை அள்ளிக்கொண்டு மீதியை மிதக்க விட்டுப் போயிருந்தார்கள். கரையெல்லாம் வெள்ளை வயிறு. கழுகுகள் தின்று தின்று பறக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தன. அன்றுதான் அந்த ஓடைக்குப் பெயர் பொருந்தியது. நான் படகிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், என் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

இரண்டே பேருக்குத் தெரிந்த இடம். நான் இல்லை. அப்படியென்றால் வேறு யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்காமலும் இல்லை. பழி சொல்ல அவசரப்படுகிறவன் இல்லை நான். அவனைக் கவனித்தேன். வெளியூர்ப் படகு ஒன்று துறையில் கிடந்து போனதிலிருந்து அவன் என் வீட்டுப் பக்கம் வருவது குறைந்திருந்தது. சந்தையில் பார்த்தால் மரவள்ளி மாவுச் சாக்குக்குப் பின்னால் நழுவினான். எதிரே நின்று பேசினால் என் தோளுக்கு மேலே பார்த்துப் பேசினான். அவன் படகில் புது மோட்டார் பூட்டியிருந்தது. ஓடையில் நடந்ததைச் சொன்னபோது அவன் முகம் கறுத்துவிட்டது. யார் செய்தது என்று அவன் கேட்கவே இல்லை. தெரியாதவன் கேட்பான். தெரிந்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

மோட்டார் அவன் மகள் மனாவுஸிலிருந்து வாங்கி அனுப்பியது. அது சாவு வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

கூட இருந்தே குழி பறித்தான் என்பார்கள். கேட்கும்போது அது வெறும் பேச்சு. நமக்கே நடக்கும்போதுதான் தெரிகிறது, குழி வெளியே இல்லை, நெஞ்சுக்குள் வெட்டுகிறார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவன் கேலிதான் காதில் கேட்டது. மணலைச் சலித்தால், இதையும் அவன்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான் என்று நினைவு வந்தது. என் வீட்டில் அவன் கை படாத பொருள் எதுவும் இல்லை. அதை எல்லாம் தூக்கி எறிய முடியாது. ஆகவே அவன் போவதுதான் சரி என்று பட்டது. கோபத்தில் இல்லை. தண்ணீர் கெட்டுவிட்டால் மாற்றுகிறோம், அந்த மாதிரி.

நானே அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். காபி போட்டுக் கொடுத்தேன். ஓடையில் தப்பிப் பிழைத்தது ஒன்றிரண்டாவது இருக்கும், ஒரு ஜோடி பிடித்து வந்தால் தொட்டியில் இனம் பெருக்கித் திரும்பக் கொண்டு விடலாம் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

“எப்பப் போகலாம் சொல்லுங்க. வேலையெல்லாம் கெடக்கட்டும்” என்றான்.

பிறகு தொட்டிக்கு முன்னால் அழைத்துப்போய் டோனாவைக் கையில் எடுத்துக் காட்டினேன். மரப் பொந்துகளில் கை விட்டு மீன் பிடிப்பவர்கள், முதலில் கிடைத்ததைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் அடுத்ததைத் தேடுவார்கள். நம் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். முள் மீனை மட்டும் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

“இந்த வகை முள்ளு விரிக்காது” என்றேன். “கோடு முழுசா ஓடுற வகைதான் பூட்டிக்கும். கோடு அறுந்தது சாது. பாருங்க.”

டோனாவின் தலையை என் உதட்டுக்கு நடுவில் வைத்துக் காட்டினேன். அது முள்ளை மடக்கிக்கொண்டு சும்மா இருந்தது. பல வருடம் என் கையில் சாப்பிட்ட மீன்.

அல்டெனோர் தலையைச் சொறிந்தான். “முள்ளு மீனை வாயில வெக்கறவன் மூளைய வீட்ல வெச்சிட்டு வந்தவன்னு எங்கப்பன் சொல்வான்” என்றான். பிறகு ஈரக் கையை நீட்டினான். டோனாவை அவன் உள்ளங்கையில் விட்டேன். என் கையும் அடியில் இருந்ததால் அது அவனையும் நம்பியது. “அட, பூனைக்குட்டியாட்டம் இருக்கே. நீங்க முத்தம் குடுக்க இதாவது கெடச்சுதே, கொம்பாத்ரே” என்று சிரித்தான். பழைய சிரிப்பு. எனக்கு அப்போது ஒரு கணம் சங்கடமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் என் படகில் கிளம்பினோம். வழியில் பேசிக்கொண்டதெல்லாம் சாதாரண விஷயங்கள், அதை விட்டுவிடலாம். ஓடையில் தண்ணீர் தெளிந்திருந்தது. மார்பளவு ஆழத்தில் ஒரு அடிமரம் கிடந்தது, உள்ளே பொந்து, இரண்டு பக்கமும் வாய். எனக்கு முழங்காலில் வாதம், எல்லாருக்கும் தெரியும். அவன் இறங்கினான். ஒரு வாயைத் தொடையால் அடைத்துக்கொண்டு, மறுவாயில் கை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்துவிட்டான்.

“இருக்கு கொம்பாத்ரே” என்றான். “கோடு அறுந்திருக்கு, பாருங்க. குடுக்கைய நீட்டுங்க.”

“வீட்டிலேயே விட்டுட்டேன்.”

“வயசாயிடுச்சு உங்களுக்கு.” அவன் மறுபடி மரத்துக்குள் கை விட்டுப் பார்த்தான். “இன்னொண்ணும் இருக்கு, விரல்ல தட்டுது. ரெண்டு கையும் வேணும்.” கையிலிருந்த மீனைப் பார்த்தான், அது இன்னும் முள் விரித்திருக்கவில்லை, என்னைப் பார்த்தான். “இது உங்க டோனா வகைதானே?”

“அதே வகைதான்” என்றேன். “பல்லு படக் கூடாது. உதட்டால புடிங்க. உயிரோட வேணும்.”

கவனியுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. அது டோனா வகைதான். பல் பட்டிருந்தால் மீன் செத்திருக்கும்.

அவன் குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டான். வாயிலிருந்தது ஒரு துள்ளு துள்ளியது. அவ்வளவுதான். அவன் நிமிர்ந்தபோது முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. வாலைப் பிடித்து இழுத்தான். இழுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை, பதற்றத்தில் யாருக்கும் அது வராது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ரெக்கே, ரெக்கே. மிக மெல்லியதாக, அவன் கழுத்துக்குள்ளிருந்து.

படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். என்ன செய்தான் தெரியுமா, மற்ற விரல்களை விட்டுவிட்டுச் சுட்டுவிரலை மட்டும் பிரித்தெடுத்து, தன் வாய்ப் பக்கம் கொண்டுபோனான். சாவி இருக்கிற விரல். அந்த நேரத்திலும் அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. நான் விரலை மடக்கிக்கொண்டேன். ஆனால் கையை விடவில்லை. கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தேன். நெருப்புக்கு மேலே பிடித்த அதே கை. கையை விட்டவன் நான் இல்லை.

பிறகு அவசரம் எதுவும் இல்லை. இரண்டு விரலை விட்டு, அடியில் அழுத்தி, ஒவ்வொரு முள்ளாக மடக்கி எடுத்தேன். மீன் உயிரோடு இருந்தது. இந்த வகை தண்ணீர் இல்லாமலே நெடுநேரம் தாங்கும். பிளாஸ்கிலிருந்த காபியைக் கொட்டி, ஓடைத் தண்ணீர் மொண்டு அதில் விட்டேன்.

ஊரில் எல்லாரும் நம்பினார்கள். இப்படிச் செத்தவர்கள் முன்னாலும் உண்டு. தவளை தன் வாயால் கெடும் என்று துறையில் ஒருவன் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை, அவனை அதட்டினேன். மீனை எடுக்கவே முடியவில்லை, பிறகு எப்படியோ தானாக வெளியே வந்து தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். சவப்பெட்டியை நானும் தூக்கினேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மரினால்வா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பொந்தில் இரண்டு வால்கள் தெரிந்தன. அந்தத் தொட்டியில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காக அவள் கொல்லையிலிருந்துதான் நத்தை வாங்கிக்கொண்டிருந்தேன்.

“எது?” என்றாள்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. நான் சின்னதைக் காட்டினேன். எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இங்கே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறாள், நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள்.

படகில் வழியில் என்ன பேசினோம் என்று திரும்பவும் கேட்கிறீர்கள். சாதாரண விஷயங்கள் என்று சொன்னேனே.

சரி. மரினால்வா அந்த இலை விஷயத்தையும் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்றால் மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஓடை வாய்க்குள் திரும்புகிற இடத்தில் அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். அத்தனை வருடத்துக்கு அப்புறம் அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“ஓசனீர், ஒண்ணு சொல்றேன், கோவப்படாத” என்றான். “அந்த வெளியூர்ப் படகு ஆளுங்க துறையில எறங்குனப்போ கையில காஞ்ச எலை ஒண்ணு வெச்சிருந்தானுங்கடா. மாட்டுக் குளம்பு எலை. மனாவுஸ்ல ஒரு மீன் பையில இருந்து எடுத்தாங்களாம். இந்த மரம் எங்க நிக்குதுன்னு ஒவ்வொருத்தனா கேட்டானுங்க. எனக்கு அப்பவே விளங்கிடுச்சு. கீல் சட்டியத் தூக்கிட்டு உள்ள போயிட்டேன். தேன் எடுக்கிற எவனோ சொல்லிட்டான். உன்கிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இத்தனை நாளும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சேன். தெரிஞ்சா நீ செத்துருவ. விடு. யாருக்கும் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்.”

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டான். தலைக்கு மேலே அந்த மரம்தான் நின்றது. குடுக்கை வீட்டுச் சுவரில் தொங்கியது, ஆனால் என் வாய் என்னிடம்தான் இருந்தது. வாயில் வைக்காதே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவன் சட்டையைக் கழற்றினான், தண்ணீரில் இறங்கினான், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு துழாவினான். அத்தனை நேரமும் நான் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஓடையைக் காட்டிக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். அது நானாக இருக்க முடியாது. டோனாவை வளர்த்தவன் நான், இலையைப் பொறுக்கித் துடைத்து அடுக்கியவன் நான். இந்தப் படகில் இருப்பது இரண்டு பேர். அப்புறம் அவன் கேட்டான், அதே வகைதானே என்று. நான் பதில் சொன்னேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும், அதிகாரியம்மா. யாருக்கும் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். மரினால்வாவிடம் முன்னாலேயே சொல்லியிருக்கிறான். இப்போதுதான், உங்கள் வாயால்தான் எனக்கு அது தெரிகிறது. பாருங்கள், நெருப்பின் மேல் சத்தியம் செய்தவன், கடைசி நாளிலும் எனக்குத் துரோகம்தான் செய்திருக்கிறான்.